மூளைக்குப் பயிற்சி, தெருவுக்குச் சாராயம்

தோழர்களே, போதை மீட்பில் இப்போது அதிகம் அடிபடும் பெயர் நியூரோஃபீட்பேக். தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளை அலைகளைக் கணினித் திரையில் காட்டுகிறார்கள். அலைகள் அவர்கள் விரும்பும் நிலைக்கு வந்தால் ஒலியோ படமோ அதைச் சொல்லும். இப்படியே பழகப் பழகக் குடிவெறி தணியும் என்கிறார்கள்.

இது மோசடி என்று நான் சொல்லவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் நியூரோஃபீட்பேக் பற்றிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் இதற்குப் பெயர் வாங்கித் தந்த ஆய்வு, 1989இல் அமெரிக்காவில் பெனிஸ்டனும் குல்கோஸ்கியும் வெளியிட்டது. அதில் இந்தப் பயிற்சியைப் பெற்ற குடிநோயாளிகள் வெறும் 10 பேர். மருந்துக்கும் ஆலோசனைக்கும் இது மாற்று என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. தனியார் மையங்களின் விளம்பரம் இதைச் சொல்லாது.

என் சண்டை கருவியோடு இல்லை, அது மறைக்கும் உண்மையோடு. பொதுவாக 20 முதல் 40 அமர்வுகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காசு, ஒவ்வொன்றுக்கும் அரைநாள் கூலி. நாற்றம் தாங்காமல் குடித்துவிட்டுச் சாக்கடையில் இறங்கும் துப்புரவுத் தொழிலாளியின் மூளை அலையைத் திருத்திவிட்டு, மறுநாள் அதே சாக்கடையில் இறக்கினால் என்ன சிகிச்சை அது?

நம் புதுச்சேரியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சாராயம் இங்கே சட்டப்படி விற்கிறது. காய்ச்சுவது அரசின் வடிசாலை. கடைகளை ஏலம் விடுவது அரசு. கலால் வருமானத்தை நம்பி பட்ஜெட் போடுவதும் அரசு. மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்லும் அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு ஏட்டில் தூங்குகிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. செத்தவர்களில் பலர் நம் மக்கள், கூலி வேலை செய்தவர்கள். அப்போதும் ஊர் கேட்டது, “ஏன் குடித்தார்கள்?” என்றுதான். ‘குடிகாரச் சேரி’ என்பது பழைய வசை. கோளாறு உன் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்பது அதே வசைக்கு மாட்டிய வெள்ளைக் கோட்டு.

குடிநோயாளிக்குச் சிகிச்சை வேண்டாமா? கட்டாயம் வேண்டும், அதுவும் உரிமையாக. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கம் சார்ந்த பாதிப்பையும் மனநோயில் சேர்க்கிறது; அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. ஆகவே ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போதை மீட்பு சிகிச்சை வேண்டும். சிகிச்சை நாளுக்கு இழந்த கூலி வேண்டும். குடியிருப்பை ஒட்டிய சாராயக்கடை மூடப்பட வேண்டும். நியூரோஃபீட்பேக் நாளை நிரூபணமானால் அதுவும் அரசு மருத்துவமனையில் இலவசமாக வரட்டும்.

மாணவத் தோழர்களே, ஆளுக்கொரு ஆர்டிஐ மனு போடுங்கள். இரண்டே கேள்வி: கடந்த 5 ஆண்டுகளில் கலால் வருமானம் எவ்வளவு? அதில் போதை மீட்புக்குச் செலவழித்தது எவ்வளவு? இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தெருவில் ஒட்டுவோம்.