பாட்டும் பக்கவாத்தியமும் ஒரே கையில்

நம் பிள்ளைகள் கிதார் கற்றுக்கொள்வதைப் பற்றிச் சங்க அன்பர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. கிதார் என்பது காலேஜ் பையன்களின் பொழுதுபோக்கு, நாலு கார்ட் தெரிந்தால் பிக்னிக்கில் பாடலாம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பது ஒன்று. பாட்டு கிளாஸுக்குப் போகவேண்டிய நேரத்தை அது தின்றுவிடுகிறது என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஐந்தாறு வருஷம் கர்நாடக சங்கீதம் பயின்ற குழந்தைக்கு ஜாஸ் கிதாரில் 'கார்ட் சோலோ' என்னும் வித்தை, ஏற்கெனவே சேர்த்த முதலுக்குக் கிடைக்கும் வட்டி மாதிரி. அதைக் கற்க நாம் வசிக்கும் இந்தக் கொல்கத்தா ஏற்ற ஊர் என்பதும் என் துணிபு.

கார்ட் சோலோ என்றால் என்ன? கார்ட் என்பது ஒரே சமயத்தில் ஒலிக்கும் மூன்று நான்கு ஸ்வரங்கள். சாதாரணமாக ஒருவர் பாட, கிதார்க்காரர் கார்ட் பிடித்துத் தாளத்தோடு தட்டிக்கொண்டிருப்பார். கார்ட் சோலோவில் பாடுகிறவர் இல்லை. பாட்டின் ஒவ்வொரு ஸ்வரமும் மேல் தந்தியில் ஒலிக்க, அதைத் தாங்கும் மற்ற ஸ்வரங்கள் கீழ்த் தந்திகளில் கூடவே வரும். பாட்டும் பக்கவாத்தியமும் ஒரே ஆளின் கையில். அமெரிக்காவில் ஜோ பாஸ் என்பவர் 1973-ல் பதிவு செய்த 'வர்ச்சுவோசோ' இசைத்தட்டில் கிதாரைத் தவிர வேறு வாத்தியமே இல்லை. கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும்.

பவானிபூரில் பல வருஷம் இருந்தவர்களுக்குக் கிதார் என்றதும் வேறொரு உருவம் மனதில் வரலாம். மடியில் கிடத்தி, இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஹவாயன் கிதார்தான் அது. சுநீல் கங்குலி, காஜி அனிருத்தா போன்றவர்கள் அதில் வங்காளிகளின் நெஞ்சைக் கவர்ந்தார்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் மாஷிமா இன்றும் சாயங்காலத்தில் அதில் ரவீந்திர சங்கீதம் வாசிக்கிறார். நம் வீணையைப் போல அதுவும் ஸ்வரத்தை இழைத்து, குழைத்து வாசிப்பது. கார்ட் சோலோவின் அழகு வேறு. ஸ்வரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும் அழகு.

இனி, நம் குழந்தைகளுக்கு இதில் என்ன முன்தொடக்கம் இருக்கிறது என்று சொல்கிறேன். பாரி ஹாரிஸ் என்ற ஜாஸ் பியானோ கலைஞர் 2021-ல் காலமானார். கடைசிவரை மாணவர்களுக்குக் கற்பித்தவர். அவர் காட்டிய ஒரு வழியை நம் பாஷையில் சொல்வதானால், சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரத்தோடு சுத்த தைவதத்தையும் சேர்த்து எட்டாக்கிக்கொள்ளுங்கள். ஸ, க, ப, சதுச்ருதி தைவதம் ஆகிய நான்கும் ஒரு கார்ட். ரி, ம, சுத்த தைவதம், நி ஆகிய நான்கும் இன்னொரு கார்ட். பாட்டின் ஸ்வரம் எந்தக் குடும்பமோ, அந்தக் கார்ட்டை அதன் கீழே வைக்க வேண்டியது. ஆரோகணத்தில் ஒன்று விட்டு ஒன்று இரண்டும் மாறி மாறி வரும். முதல் கார்ட்டுக்கு மெல்லிய நான்கு தந்திகளில் நான்கு பிடிகள். இரண்டாவதற்கு ஒரே பிடிதான். அதையே மூன்று மூன்று ஃபிரெட் நகர்த்தினால் போதும். ஆக, எட்டு ஸ்வரத்துக்கும் ஐந்தே பிடிகள்!

ஒன்றைச் செய்தே பார்க்கலாம். மேல்நாட்டார் 'ஸி' என்பதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு, ஐந்தாம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து அந்த நான்கு தந்திகளையும் அழுத்தி மீட்டினால் கீழிருந்து மேலாக ப, ஸ, க, த என்று ஒலிக்கும். மேலே நிற்பது தைவதம். முதல் கார்ட் கைக்கு வந்தாயிற்று.

முத்துஸ்வாமி தீக்ஷிதரின் நோட்டு ஸ்வர சாகித்யங்களை நம் குழந்தைகளில் பலர் சிறு வயதிலேயே பாடுகிறார்கள். சங்கராபரண ஸ்வரங்களில், வெள்ளைக்காரர்களின் மெட்டுக்கு அவர் ஸம்ஸ்கிருத சாகித்யம் அமைத்தவை அவை. 'ச்யாமளே மீனாக்ஷி' என்பது குழந்தைகளின் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டுதான். அதன் முதல் அடியில் வரும் ஸ, ப, த மூன்றும் ஒரே கார்ட் குடும்பம். அடுத்த அடி ம, க, ரி, ஸ என்று இறங்கும்போது இரண்டு கார்டும் மாறி மாறி வந்துவிடுகின்றன. ஸ்வரம் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு எந்த இடத்தில் எது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. ஸ்வரமே தெரியாமல் பிடிகளை மட்டும் மனப்பாடம் செய்த பையன் அங்கேதான் திண்டாடுவான்.

என் பேத்தி ஆறு வயதில் பாட்டு ஆரம்பித்தவள். இப்போது பதினாலு. கிதார் வாத்தியார் அவளிடம் முதல் நாளே, "முதலில் பாடு, பிறகு மேல் தந்தியில் மட்டும் வாசி, அதற்குப் பிறகுதான் கார்ட்" என்று சொல்லிவிட்டாராம். நம் பாட்டு டீச்சரும் இதைத்தானே சொல்கிறார், தாத்தா, என்றாள். ஆம்; பாடாந்தரம் தொண்டையில் இல்லாமல் விரலில் வராது என்பது எல்லா ஊர்ச் சங்கீதத்துக்கும் பொது.

இந்த ஊர் ஏன் ஏற்றது? 1984 அக்டோபர் 24-ல் இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் எஸ்பிளனேடிலிருந்து நம் பவானிபூருக்குத்தான் ஓடியது. அன்று பவானிபூர் என்றிருந்த நிலையம் இன்று நேதாஜி பவன். அங்கிருந்து மூன்றாவது நிலையம் பார்க் ஸ்ட்ரீட். ஒரு காலத்தில் அங்கே டிரிங்காஸ், ப்ளூ ஃபாக்ஸ், மொகாம்போ என்று வரிசையாக உணவு விடுதிகளில் தினமும் ஜாஸ் ஒலித்தது. லூயி பாங்க்ஸ், பாம் கிரெய்ன் எல்லாம் அங்கே புகழ் பெற்றவர்கள்.

அந்த வரிசையில் கார்ல்டன் கிட்டோவை நாம் விசேஷமாக நினைக்கவேண்டும். 1942-ல் பெங்களூரில் பிறந்து, நம்மைப் போலவே தெற்கிலிருந்து இங்கே வந்து குடியேறியவர். சார்லி கிறிஸ்டியன் என்ற அமெரிக்கக் கிதார் மேதை அதே 1942-ல் இருபத்தைந்து வயதில் மறைந்தார். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கற்ற ஏகலைவன் கிட்டோ. பார்க் ஸ்ட்ரீட்டில் கூட்டம் குறைந்து, பலர் பம்பாய்க்கும் வெளிநாட்டுக்கும் போன பிறகும் அவர் இங்கேயே இருந்து வாசித்தார், சொல்லிக்கொடுத்தார். 1915-ல் தொடங்கிய கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக்கிலும் கற்பித்தார். அவரைத் தேடிப்போய் சுஷீல் குரியன் ஒரு ஆவணப் படமே எடுத்தார். 2016 நவம்பரில் கிட்டோ மறைந்தார். அவரிடம் நேரில் கற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வித்தை புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது. மீதி, எதிரே உட்கார்ந்து விரலைப் பார்த்து வாங்கிக்கொள்வது. வாங்கிக்கொள்ளப் பிள்ளைகள் இல்லையென்றால் அது அவர்களோடு போய்விடும்.

ஒரு நண்பர் கேட்டார்: "ஊரை விட்டு வந்த நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்க இருப்பதே தமிழும் சங்கீதமும்தான். அதிலும் கிதாரைப் புகுத்தவேண்டுமா சார்?" நியாயமான கவலை. தோடியைக் கார்ட் சோலோவில் வாசிக்கச் சொல்லி நானும் கேட்கமாட்டேன். கமகம் அசையும், கார்ட் நிற்கும். இரண்டையும் போட்டுக் குழப்பினால் இரண்டும் கெடும். ஆனால் ஒன்று தெரிந்ததால் மற்றது மறந்துபோகும் என்பது சரியல்ல. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு முறையைப் பயின்றார். அதனால் அவர் இசையில் நம் கிராமம் காணாமல் போய்விட்டதா? ராணிப்பேட்டையிலிருந்து கிளம்பிய கிதார் பிரசன்னா, அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரி வரை போய் ஜாஸ் கற்றார். கீர்த்தனைகளை அதே கிதாரில் கமகத்தோடு வாசிக்கிறார்.

உண்மையில் நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. பத்தாவது, பன்னிரண்டாவது வந்ததும் நம் பிள்ளைகள் பாட்டை அடியோடு விடுகிறார்கள். சிநேகிதர்களோடு பகிர்ந்துகொள்ள முடியாதது வீட்டுக்குள்ளேயே வாடிவிடுகிறது. கற்ற ஸ்வரம் கிதார் மூலமாக வெளியே உலாவ வழி கிடைத்தால், அது உயிரோடு இருக்கும். வெஸ் மான்ட்கோமரி ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பன். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிதார். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாகக் கூடாதென்று கட்டை விரலாலேயே மெல்ல மீட்டிப் பழகினார் என்று சொல்வார்கள். ஒற்றை ஸ்வரமாகத் தொடங்கி, பிறகு இரண்டு ஸ்தாயியையும் சேர்த்து, முடிவில் கார்ட் சோலோவாக உயர்த்துவது அவர் பாணி. உத்தியோகம், குடும்பம் என்று ஓடுகிறவர்களும் ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளக்கூடிய வித்தை இது.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள்: பிள்ளை கிதார் கேட்டால் "எத்தனாவது கிரேடு, எப்போது சர்டிஃபிகேட்?" என்று தொடங்காதீர்கள். ஒரு பாட்டை முழுதாக, தனியாக வாசிக்க முடிகிறதா என்று மட்டும் கேளுங்கள். அதற்கு ஒரு வருஷமாகலாம், ஆகட்டும். பாட்டு கிளாஸையும் நிறுத்தாதீர்கள்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒன்று. ஆண்டு விழாவில் பாட்டுக்கும் நாட்டியத்துக்கும் நடுவே, கிதார் வாசிக்கும் குழந்தைக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள். நிபந்தனை ஒன்றே: வாசிக்கப்போகும் பாட்டை முதலில் மேடையில் ஸ்வரமாகப் பாடவேண்டும், பிறகு கிதாரில் கார்ட் சோலோவாக வாசிக்கவேண்டும். இந்த வருஷமே தொடங்கலாமே!