தோல் தீட்டு, பட்டம் பெருமையா?

தொப்பம்பட்டி போன்ற ஊரிலிருந்து ஒரு தாழ்த்தப்பட்ட தோழரின் பிள்ளை ரசாயனப் பொறியியலில் பட்டம் பெற்று, மேற்கொண்டு எம்.டெக். படிக்கப் போகிறேன் என்றால், "இவனுக்கேன் இத்தனை படிப்பு? அதற்கெல்லாம் பரம்பரை மூளை வேண்டாமா?" என்று திண்ணையில் சாய்ந்தபடி கேட்கும் பேர்வழிகளுக்கு இன்றைக்கும் பஞ்சமில்லை. அந்தப் பரம்பரை மூளையின் யோக்கியதையைத்தான் சற்றுப் பார்ப்போமே!

செத்த மாட்டின் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிர் கழித்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதமாக்கியவன் யார்? அவனைத்தானே தொட்டால் தீட்டு என்று ஊருக்கு வெளியே வைத்தார்கள்! பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் தோல் அழுகுவதில்லை என்கிறது இன்றைய ரசாயன சாஸ்திரம். காரணம் எழுதத் தெரியாவிட்டாலும் காரியம் தெரிந்தவன் அவன். இரண்டும் தெரியாமல் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நடந்தவர்கள் மேல் ஜாதி! (செருப்புக்குத் தீட்டில்லை, தைத்தவனுக்குத்தான் தீட்டு. இது எந்த சாஸ்திரமோ!)

1944-ல் அழகப்ப செட்டியாரின் நன்கொடையால் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி ஏற்பட்டு, ரசாயனப் பொறியியலும் தோல் தொழிலும் அங்கே பாடமாயின. 1948-ல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. தோல் வேலை பட்டப் படிப்பானவுடனே தீட்டு ஓடிவிட்டது, "தகுதி" வந்துவிட்டது! அந்தத் தகுதியின் பேரால்தான் கல்லூரி இடங்களைப் பங்கிட்ட வகுப்புவாரி உத்தரவு 1951-ல் சுப்ரீம் கோர்ட்டில் செல்லாதாயிற்று. நம்மவர்கள் கிளர்ச்சி செய்த பிறகல்லவா அவ்வாண்டே அரசியல் சட்டம் திருத்தப்பட்டது!

இது வெறும் உத்தியோக விஷயமன்று. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிணறுகளில் தோல் ஷாப்புக் கழிவால் உப்பேறிப்போன தண்ணீரைக் கண்டவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வழக்கமான முறையில், தொட்டியில் போடும் குரோம் உப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போகிறது. சுண்ணாம்புக்கும் சல்பைடுக்கும் பதிலாக நொதிகளைக் கொண்டே மயிர் கழிக்கும் வழியை அடையாற்றில் ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு ரசாயனமும் உயிரியலும் சேர்ந்த மேல்படிப்பு வேண்டும். வருண ஜெபத்தால் உப்பு இறங்காது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் அதைப் படிக்காமல் வேறு யார் படிப்பது?

பெற்றோர்களே! பி.டெக். முடிந்ததும் "போதும், வேலைக்குப் போ" என்று பிள்ளையை இழுக்காதீர்கள். பெண்ணாயிருந்தால் கலியாணப் பேச்சை எடுக்காதீர்கள். கேட் பரீட்சையில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதாமாதம் உதவிப் பணம் உண்டு. மத்தியக் கல்லூரிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 15, மலைஜாதியாருக்கு 7½, பிற்பட்டோருக்கு 27 சதவிகித இடம் 2006-ம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. பரீட்சைப் புத்தகத்துக்குப் பணமில்லையா? இவ்வருஷம் கிடாவெட்டுக்கு எடுத்து வைத்திருப்பதைக் கொடுங்கள்.