ழில் பிளாஸும் பழைய பேப்பர் கடையும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் அரைமணி நேரப் பயணம். நான் பழகும் தீவிர வாசகர்களில் பெரும்பாலோர் இந்தத் தடத்துக்குள்ளேயே அடங்கிவிடுவார்கள். இவர்களிடம் மறுபேச்சுக்கு இடமின்றி நிலைபெற்றுவிட்ட கொள்கை ஒன்று உண்டு. நல்ல நாவலுக்குப் படம் வேண்டியதில்லை. படம் வேண்டியிருக்கும் நாவல் நல்ல நாவல் அன்று. சிற்றிதழ் மரபு நமக்குப் புகட்டிய பாடம் இது. அம்மரபு வார இதழ்த் தொடர்கதையை எதிர்த்து எழுந்தது. ஆகவே தொடர்கதையோடு ஒட்டி வந்த ஓவியத்தையும் சேர்த்தே விலக்கிவைத்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

இக்கொள்கை பிழையானது என்பது என் கட்சி. பிழையானது மட்டுமன்று, தமிழ் நாவலின் வரலாற்றில் ஒரு பகுதியையே அது எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. சான்றுக்கு முதலில் பிரான்சுக்குப் போக வேண்டும்.

லெசாழ் எழுதிய 'ழில் பிளாஸ்' நாவல் 1715, 1724, 1735 ஆகிய ஆண்டுகளில் மூன்று தவணைகளாக வெளிவந்தது. (ஆங்கில வழியில் படித்த நம் முன்னோர் 'கில் பிளாஸ்' என்பார்கள். 1748-இல் ஸ்மாலெட்டின் மொழிபெயர்ப்பு வந்ததிலிருந்து ஆங்கில வாசகர்களுக்கும் அது வீட்டுப் புத்தகம்தான்.) மேலைத் திறனாய்வாளர் பிகாரெஸ்க் என்று வகுக்கும் போக்கிரிக் கதை மரபின் முதிர்ந்த கனி அது. ஒவியேதோ நகரத்து இளைஞன் ஒருவன் மாமன் கொடுத்த கோவேறு கழுதையில் ஏறி, கல்வி கற்கச் சலமான்காவுக்குப் புறப்படுகிறான். போய்ச் சேர்வதில்லை. வழியில் முகத்துதி செய்பவன் அவன் செலவில் வயிறு நிரப்பிக்கொள்கிறான். கொள்ளையர் குகையில் சிறைப்படுகிறான். வெந்நீரும் குருதி வடித்தலுமே மருத்துவம் என்றிருக்கும் சங்ராதோவிடம் ஏவலனாகி, பிறகு தானே வைத்தியனும் ஆகிறான். கிரனாடாவின் பேராயர் தம் பிரசங்கம் தொய்வடையும்போது தயங்காமல் சொல் என்று அவனைப் பணிக்கிறார், அவன் சொல்கிறான், வேலை போகிறது. இலக்கியக் கூட்டங்களில் எழுத்தாளர்கள் கருத்துக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேராயர்தான் நினைவுக்கு வருவார்.

இந்த நாவலை 1835-இல் பொலான் என்னும் பாரிஸ் பதிப்பாளர் புதிதாக வெளியிட்டார். ஓவியர் ழான் ழிகூ. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. முதலில் நூறு படங்கள் என்றுதான் பேச்சு. வரவேற்பைக் கண்டு பதிப்பாளர் மேலும் மேலும் கேட்க, அது ஏறத்தாழ அறுநூறாக வளர்ந்தது. ஒரு நாவலுக்கு அறுநூறு படங்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அவை தனித்தாளில் அச்சிட்டு இடையே செருகியவை அல்ல. வரிகளுக்கு நடுவில், பத்தியின் ஓரத்தில், அத்தியாயத் தலைப்பின் மேல், முதலெழுத்தின் உள்ளே என்று சொற்களோடு சொற்களாகப் படங்கள் அமர்ந்திருக்கும்.

இதற்குப் பின்னே தொழில்நுட்பம் ஒன்று இருக்கிறது. செப்புத்தகட்டில் கோடு பள்ளமாக இருக்கும். மை பள்ளத்தில் தங்கும். அதற்குத் தனி அச்சுப்பொறி, தனித்தாள், தனிச் செலவு. 1809-இல் ராபர்ட் ஸ்மர்க்கின் ஓவியங்களோடு லண்டனில் வந்த 'ழில் பிளாஸ்' அவ்வகை. வாசகன் கதையை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்க்க வேண்டும். மரக்கட்டைச் செதுக்கலிலோ கோடு அச்செழுத்தைப் போல மேடாக நிற்கும். கெட்டியான மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் மெல்லிய கோடுகளைச் செதுக்கும் கலையை இங்கிலாந்தின் தாமஸ் பெவிக் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்மைப்படுத்தியிருந்தார். அந்தக் கட்டையை ஈய எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தில் அச்சிடலாம். ஆகவே 1835-இல் நிகழ்ந்ததை அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. படமும் எழுத்தும் ஒரே பக்கத்தின் இரு மொழிகளாயின.

'படம் கற்பனையைக் கட்டிப்போடுகிறது' என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஃப்ளோபேர் தம் நாவல்களுக்குப் படம் போட ஒப்பவே இல்லை என்பதையும் நண்பர்கள் எடுத்துக்காட்டுவார்கள். ஃப்ளோபேர் சரி. எம்மா பொவாரியின் முகம் அவளை நோக்குபவர் மனத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருக்க வேண்டியது. அதை ஒரு கோட்டில் நிறுத்தினால் நாவல் குறைபடும். ஆனால் ஃப்ளோபேரின் நியாயத்தை லெசாழின் தலையில் கட்டுவது எப்படிப் பொருந்தும்? போக்கிரிக் கதையின் நாயகனுக்கு அகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் உடுப்பே அவன் நிலை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ழில் பிளாஸ் பழைய துணிக்காரனிடம் பகட்டான உடுப்பு வாங்கி அணிகிறான். அந்த உடுப்பைக் கண்டுதான் ஏமாற்றுக்காரர்கள் அவனை வளைக்கிறார்கள். எசமானர் மாறும்தோறும் அவன் கோலமும் மாறுகிறது. புறத்தால் இயங்கும் இத்தகைய கதையில் ஓவியன் ஆசிரியனின் வேலையைத்தான் பகிர்ந்துகொள்கிறான். எல்லா நாவலுக்கும் படம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த நாவலுக்கும் வேண்டாம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

இனி நம் பக்கம். பயணம், ஏமாற்று, நகைப்பு, அத்தியாயத்துக்கு ஓர் இடர் என்று செல்லும் கதை நம்மிடமும் உண்டு. அதுவும் லெசாழின் காலத்திலேயே. அவருடைய சமகாலத்தவரான வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை'தான் அது. குருவும் ஐந்து சீடர்களும் ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிப்பதும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவதும் நாம் பள்ளியில் படித்துவிட்டு மறந்தவை. தமிழ் மூலம் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1822-இல் லண்டனில் பாபிங்டனால் பதிப்பிக்கப்பட்டது. அபே துபுவாவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1826-இல் பாரிஸில் வந்தது. பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1861-இல் ஆல்ஃபிரட் குரோக்வில் மரக்கட்டைக்கு வரைந்த ஐம்பது படங்களோடு லண்டன் பதிப்பு வெளிவருகிறது. 1877-இல் பெர்னே, கத்லேன் என்னும் இருவரின் செதுக்கோவியங்களோடு பாரிஸ் பதிப்பு வெளிவருகிறது. நம் மொழியில் எழுதப்பட்ட நகைச்சுவைக் கதையை ஓவியத்தோடு படிக்கத்தக்க செவ்வியல் நூல் என்று லண்டனும் பாரிஸும் கருதின. நாம் அதைச் சிறுவர் நூல் வரிசையில் வைத்தோம்.

தமிழில் படக்கதை மரபே இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'மதனகாமராஜன் கதை' முதலியவற்றில் இருந்த கட்டைப் படங்களை நினைத்துப் பாருங்கள். சாணித்தாளில் மை ஊறி, மூக்கும் முழியும் கரைந்து கிடக்கும். கோட்டின் நேர்த்தியில் ழிகூவின் பக்கத்தில் அவை நிற்கா. ஆனால் முறை அதே முறை; எழுத்தோடு பூட்டி அச்சிட்ட மேட்டுக்கட்டை. குஜிலிப் புத்தகம் என்ற ஒரே சொல்லால் நாம் அவற்றைத் தள்ளிவைத்தோம்.

பிறகு வார இதழ்களின் காலம். 1950-இல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது மணியம் வாரந்தோறும் வரைந்தார். குதிரையேறி வீரநாராயண ஏரிக்கரையில் வரும் வந்தியத்தேவனை வேறு எவனோடு ஒப்பிடுவது? கோவேறு கழுதையேறிச் சலமான்காவுக்குப் புறப்பட்டவனின் தம்பிதான் அவன். வாய்த்துடுக்கு, வம்பில் மாட்டுதல், வேடம், தப்பித்தல் எல்லாம் அப்படியே. 'தில்லானா மோகனாம்பாள்' ஆனந்த விகடனில் வந்தபோது கோபுலுவின் தூரிகை அந்த நாதசுர உலகத்தின் உடையையும் நகையையும் நடையையும் பதிவு செய்தது. 1835-இன் ழில் பிளாஸும் தவணை தவணையாகத்தான் வாசகர் கைக்குப் போனது என்பதை இங்கே நினைவில் வையுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் அத்தவணைகளைச் சேர்த்துக் கட்டினார்கள். அதுவே இன்று அரும்பதிப்பு.

நம்மவர்களும் கட்டினார்கள். இதுதான் நான் சொல்லவந்த செய்தி. வாரந்தோறும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, வரிசைப்படுத்தி, காலிகோ முதுகு வைத்துப் பைண்டு செய்து வைத்த வாசகர்கள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெருவுக்கு நால்வர் இருந்தார்கள். மூலப் படங்கள், அவற்றின் அடிக்குறிப்புகள், ஓரத்தில் சோப்பு விளம்பரம், ஒரு வாரம் விடுபட்டதற்கு இதழாசிரியர் கேட்ட மன்னிப்பு என எல்லாம் அதில் இருக்கும். தமிழ் நாவலின் முதல் ஓவியப் பதிப்பு எதுவென்று என்னைக் கேட்டால் அந்தப் பைண்டுப் புத்தகத்தைத்தான் காட்டுவேன். பின்னால் வந்த நூல்வடிவங்களில் சில ஓவியங்களைக் காத்தன; மலிவுப் பதிப்புகள் பல உதறின. இதில் பதிப்பாளர்களை மட்டும் குறைசொல்வது முறையாகாது. எழுத்தாளரின் படைப்பை அரசு நாட்டுடைமை ஆக்கும்போது எழுத்துதான் விடுதலையாகிறது. ஓவியம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி தனிப் படைப்பு. அதன் உரிமை தனியே நிற்கும். ஆக, எழுத்து மலிந்தது, படம் மறைந்தது. அந்த மறைவை 'இலக்கியத் தூய்மை' என்று கொண்டாடியவர்கள் நாம்.

நம் தூய்மையில் ஒரு விந்தையும் உண்டு. 'குட்டி இளவரச'னில் படம் இருந்தால் நெகிழ்கிறோம். ஆசிரியரே வரைந்தது அல்லவா! கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் வரைந்தால் பாராட்டுகிறோம். நவீன ஓவியர் அல்லவா! மணியமும் கோபுலுவும் வரைந்தால் மட்டும் அது வணிகம். இப்படிக் கோட்டைப் பார்க்காமல் கையெழுத்தைப் பார்த்து மதிப்பிடுபவர்கள்தாம் மேலைநாட்டுப் பழம்பதிப்பு ஒன்றின் அட்டையைக் கண்டால் உருகிப்போகிறார்கள்.

இத்தனைக்கும் நாம் இருக்கும் இடம் எது? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இருபது கிலோமீட்டர் சுற்றளவில் சிவகாசி. அங்கிருந்து முத்து காமிக்ஸ் 1972 முதலும் லயன் காமிக்ஸ் 1984 முதலும் வருகின்றன. லக்கி லூக்கும் கேப்டன் டைகரும் 'ரத்தப் படல'மும் பிரெஞ்சு, பெல்ஜிய மூலங்களிலிருந்து தமிழ் பேசுகின்றன. பிரெஞ்சு ஓவியக் கதையை இந்த மாவட்டத்துச் சிறுவன் நெடுங்காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறான். இலக்கிய வாசகனான அவனுடைய அண்ணன்தான் ஒளித்துவைத்துப் படிக்கிறான். ராஜபாளையமோ மு. கு. ஜகந்நாத ராஜாவின் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதையைப் பாடிய கிருஷ்ணதேவராயரின் தெலுங்குக் காப்பியமான 'ஆமுக்தமால்யதா'வைத் தமிழாக்கி 1989-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றவர் அவர். பிறமொழிச் செல்வத்தைக் கொண்டுவரத் தெரிந்த ஊருக்கு வீட்டுப் பரணில் இருப்பதைக் காக்கத் தெரியாதா?

காக்க இடமும் இருக்கிறது. திருநெல்வேலி ஆட்சியராக இருந்தவரின் பெயரைத் தாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875 முதல் இயங்கிவருகிறது பென்னிங்டன் நூலகம். ழிகூவின் பதிப்பு வந்து நாற்பது ஆண்டுகளில் தொடங்கியது. தமிழகத்தின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்று நம் தெருவில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான நூலக விதிகளுக்குப் பைண்டுப் புத்தகம் புத்தகமே அன்று. அதற்குத் தலைப்புப் பக்கம் இல்லை, பதிப்பக முத்திரை இல்லை, விலை இல்லை. ஆகவே தாத்தா காலமானதும் பேரன் அதைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்புகிறான். எடைக்கல் கல்கியையும் மணியத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

'ழில் பிளாஸ்' முன்னுரையில் ஒரு கதை வரும். இரண்டு மாணவர்கள் வழியில் ஒரு கல்லைக் காண்கிறார்கள். இன்னாருடைய ஆன்மா இங்கே அடைபட்டிருக்கிறது என்று அதில் பொறித்திருக்கிறது. ஒருவன் சிரித்துவிட்டுப் போகிறான். மற்றவன் தோண்டுகிறான், நூறு பொற்காசுகள் கொண்ட தோல்பை கிடைக்கிறது. நாம் சிரித்துவிட்டுப் போனவன் கட்சியில் இருக்கிறோம்.

நான் கேட்பது பெரிதொன்றும் அல்ல. இந்த இரண்டு ஊர்களிலும் உள்ள நூலகங்கள் வீட்டில் கட்டிய தொடர்கதைத் தொகுதிகளைக் கொடையாக ஏற்று, தனி வரிசையில் வைக்க வேண்டும். வருடும்போது வெறும் கறுப்பு வெள்ளையில் எடுக்கலாகாது. கோபுலுவின் மெல்லிய கோடுகள் அதில் பொடிந்துபோகும். 1835-இன் பதிப்பை இன்று ராஜபாளையத்துக் கைபேசியில் பக்கம் பக்கமாகப் பார்க்க முடிகிறதென்றால், எங்கோ ஒரு நூலகத்தில் யாரோ அதைப் பொறுமையாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அட்டவணையில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ஓவியர் பெயரும், இதழின் பெயரும், ஆண்டும் இருக்க வேண்டும். விடுபட்ட வாரங்கள் எவை என்பதையும் மறவாமல் குறித்துவைக்க வேண்டும். அடுத்த தெருவில் இன்னொருவர் வீட்டுப் பரணில் அவை இருக்கக்கூடும்.