சிதறால் எழுத்து

நைல் நதியில் கப்பலில் போய், லக்ஸரில் கல்லறைகளைப் பார்த்துத் திரும்பிய நண்பரைச் சிதறால் மலைக்கு அழைத்துப் போனேன். அங்கே சித்திர எழுத்தின் முன் மெய்ம்மறந்து நின்றாராம். இங்கே தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு அடியிலிருந்த வட்டெழுத்தைக் காட்டினேன்.

"எவனோ கீறிப் போட்டிருக்கான்" என்றார்.

ஐயா, அது தமிழ்! அச்சணந்தி செய்வித்த திருமேனி என்று 9-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி பொன்னணி கொடுத்த கணக்கும் இம்மலையில் இருக்கிறது.

எகிப்திய எழுத்தின் பூட்டை 1822-இல் ஷாம்போலியன் திறந்தார், உலகமே கொண்டாடுகிறது. வட்டெழுத்தையும் நம் அறிஞர்கள் என்றோ படித்துத் தந்துவிட்டார்கள். கேட்கத்தான் ஆளில்லை. பழம்பெருமை முழங்கும் மேடைகளில் ஒருவராவது, பள்ளிப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டதுண்டா?

நண்பர் அந்த எழுத்தின்மேல் முதுகைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டார்.