பளபளப்பைக் கெடுப்பது யார்?

வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளை மாலை வெயில் சாய்வாகப் படும்போது ஒரு தடவை உற்றுப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா? அவற்றைப் போட்டது சடக்கும் அல்ல, மழையும் அல்ல. பெரும்பாலும் நம் வீட்டுப் பழைய துணிதான்!

வேலை முடிந்து வந்ததும் தூசியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது பலருக்குப் பழக்கம். வண்டி மீது பாசம் உள்ளவர்கள்தாம் இதை அதிகம் செய்கிறார்கள். செம்மண் தூசி மாவு போலத் தோன்றினாலும் அதற்குள் பொடி மணல் உண்டு. மணல் பெயிண்டைவிடக் கடினமானது. உலர்ந்த துணியால் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

ஆகவே, முதலில் தண்ணீர். இயந்திரம் ஆறிய பிறகு, நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழாக ஊற்றி மண்ணை ஓடவிடுங்கள். அப்புறம் ஒரு வாளியில் சோப்பு நீர், துணி அலச இன்னொரு வாளியில் வெறும் நீர். பழைய பனியன் நல்லது. பொத்தான் உள்ள சட்டை வேண்டாம். சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் வேறு துணி வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் சோப்புத்தூள், மண்ணெண்ணெய் இரண்டும் மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். மண்ணெண்ணெய் சங்கிலிக்கு உரியது; பெயிண்டுக்கு அல்ல.

இனி நம் தோட்டத்துக்கே உரிய விஷயம். பால் சிந்தினால் ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் கத்தியை எடுக்காதீர்கள். ஈரப்படுத்திவிட்டுக் கட்டைவிரலால் மெதுவாக உருட்டினாலே பெரும்பாலும் திரண்டு வந்துவிடும்.

பாலை உறைய வைக்கும் ஆசிட்டுக்கு இந்தத் தயவு கிடையாது. அது ஃபார்மிக் அமிலம். பெயிண்டை உரிக்கும் சில மருந்துகளில் அதையும் சேர்ப்பதுண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக் கித்தாத் துண்டு வைத்திருப்பவர்கள் இதைப் பின் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறார்கள். மூடி சரியாக இல்லாத கலனில் கொண்டு போகவே கூடாது. பெயிண்ட் போவது இருக்கட்டும், பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கால் என்ன ஆகும்? சிந்திவிட்டால் துடைக்க முயலாமல் நிறையத் தண்ணீர் விடுங்கள். முன்பக்க டிஸ்க் பிரேக்குக்கு ஊற்றும் எண்ணெயும் பெயிண்டைத் தின்னும். அதற்கும் உடனே தண்ணீர்தான்.

கேரியரில் சாமான் கட்டும்போது அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றைப் போடுங்கள். கயிறு உரசும் இடத்திலும் அதையே சுற்றலாம். சாவிக்கொத்தில் பத்துச் சாவிகளைக் கோத்துத் தொங்கவிட்டால், அது வழி நெடுக ஆடி ஆடிக் கீறிக்கொண்டே வரும். இரவில் வண்டியைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுவதும் வேண்டாம். உள்ளே ஈரம் தங்கிவிடும். கூரை நிழலே போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வண்டி மெழுகு பூசினால் தூசி அவ்வளவாக ஒட்டாது.

விழுந்துவிட்ட கீறலுக்கு என்ன வழி? நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் மெருகு பசையால் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். நகம் மாட்டினால் ஆழமான கீறல். கப்சாய் வண்டிகளில் கால் மறைப்பு பிளாஸ்டிக் என்பதால், அங்கே விழும் கீறல் அழகை மட்டுமே கெடுக்கும். இரும்புச் சட்டத்திலோ பின்சக்கரத்தைத் தாங்கும் கையிலோ விழுந்தால் கதை வேறு. நம் மழைக்கும் புழுக்கத்துக்கும் துரு சீக்கிரமே பிடித்து, பெயிண்டுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். நாளை மகனுக்குக் கொடுக்கப்போகும் வண்டி அல்லவா! பட்டணத்துக் கடையில் விற்கப்போனாலும் விலையைக் குறைக்க அவர்கள் முதலில் விரல் வைக்கும் இடம் அதுதான்.

எனவே அன்றே துருவை உப்புத்தாளால் நீக்கி, துடைத்து உலர்த்தி, அடிப்பூச்சு தொட்டு, காய்ந்த பின் அதே நிறத்தை மெல்லிய தூரிகையால் இரண்டு தடவை வையுங்கள். கையில் பெயிண்ட் இல்லையா? பட்டணம் போகும்வரை, வீட்டில் இருக்கும் நிறமற்ற நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்தால் ஈரம் உள்ளே இறங்காது. அக்காவிடமோ தங்கையிடமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.