குழாய் தரமானது, மண்தான் விலகியது

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை. சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்து எழுந்த தீயைப் பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் பார்க்க முடிந்தது. பிற்பகல் 3.45 மணிக்குத்தான் அது முழுமையாக அணைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். வீடுகளும் வாகனங்களும் கருகின. அன்று புலனத்தில் எனக்கு வந்த செய்திகளில் பாதி, 'மட்டமான குழாய், வெல்டிங் சரியில்லை' என்று தீர்ப்பே எழுதிவிட்டன. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தத் தீர்ப்பைச் சோதிக்க, குழாய் எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும். எஃகை வளைத்து விளிம்புகளைப் பற்றவைத்தால் குழாய். பற்றவைக்கும் முறையில்தான் வேறுபாடு. பட்டையை உருட்டி, உயர் அதிர்வெண் மின்சாரத்தால் விளிம்புகளைச் சூடாக்கி அழுத்தி இணைப்பது இ.ஆர்.டபிள்யூ. வேலி, சாரக்கட்டு, மேசைக் கால் எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். பட்டையைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே பற்றவைப்பது இன்னொரு வகை. காகித உறிஞ்சுகுழலைப் பிரித்துப் பாருங்கள், அதே சுற்று தெரியும். பெரிய தண்ணீர்க் குழாய்களுக்கும், துறைமுகங்களில் நிலத்துக்குள் அடிக்கும் தூண்களுக்கும் இது ஏற்றது.

அதிக அழுத்தத்தில் எரிவாயு கொண்டு செல்லும் பெரிய குழாய்களுக்குத் தடித்த தகட்டை முதலில் 'யு', பிறகு 'ஓ' வடிவில் வளைத்து, உள்ளும் புறமும் நீளவாக்கில் பற்றவைக்கும் முறை பரவலாக உள்ளது. மின்பொறி ஒரு பொடிப் படுகைக்குள் புதைந்தே எரியும். காற்று படாததால் இணைப்பு உறுதியாகிறது.

இது ஆலைக்குள் நடக்கும் வேலை. வெளியே வரும் துண்டின் நீளமோ ஏறக்குறைய 12 மீட்டர். ஆக, ஒரு கிலோமீட்டருக்கு 80-க்கும் மேற்பட்ட வளைய இணைப்புகளை வெயிலிலும் சேற்றிலும் பள்ளத்தருகே நின்று போட வேண்டும். பிறகு எக்ஸ்ரே அல்லது மீயொலிச் சோதனை. தீபகற்பத்தின் எரிவாயுக் குழாய்த்தொடர் 2,500 கிலோமீட்டருக்கும் அதிகம். இணைப்புகள் எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அதனால்தான் ஜூன் 30-இல் வெளியான விசாரணை முடிவு எனக்கு வியப்பளித்தது. குழாய் உரிய தரத்தில்தான் இருந்ததாம். நீண்ட காலம் ஈரத்தில் இருந்த மண், குழாயைத் தாங்கும் வலுவை இழந்திருக்கிறது. குழாய் தன் இடத்திலிருந்து 25.3 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த சுமையில் உலோகம் சோர்ந்து உடைந்திருக்கிறது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் மாறி மாறி வளைத்தால் கடைசியில் படக்கென்று ஒடியுமே, அதே கதைதான். நாசவேலைக்கோ அலட்சியத்துக்கோ சான்றில்லை என்றது காவல்துறை.

இந்தப் பதிலில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தரச்சான்று பதிக்கும் நாளில் குழாயின் நிலையைச் சொல்கிறது. மண் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மாறிக்கொண்டே இருக்கிறது. குழாய்க்குள் ஆய்வுக் கருவியை ஓடவிட்டுச் சுவர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அடியிலிருக்கும் மண் நகர்கிறதா என்பதையும் அதே அக்கறையோடு, அதே ஒழுங்கோடு அளக்க வேண்டும். அந்த அளவீடுகள் குழாயருகே குடியிருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.