தடை அறுபது நாள், மருந்து ஆண்டு முழுக்க

அமெரிக்காவில் எங்கேனும் ஒருவன் பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்து கண்ணில் பட்டவர்களைச் சுட்டால், மறுநாளே அங்கே ஒரு பழைய வழக்கு புதிதாகத் தொடங்கும். குற்றம் அவன் மனநோயுடையதா, கையிலிருந்த துப்பாக்கியுடையதா? 2022 மே 24இல் டெக்சாஸ் மாநிலத்து யுவால்டி ஊரில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டபோதும் இதே வழக்குதான். துப்பாக்கிச் சட்டத்தைத் தொட விரும்பாத அரசியல்வாதிகள் அன்று மனநலத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார்கள். மனநோய் இல்லாத நாடு உலகத்தில் எது? இத்தனை துப்பாக்கி இருக்கும் நாடுதான் ஒன்றே ஒன்று. கடுமையான மனநோய் அத்தனையையும் குணப்படுத்திவிட்டாலும் அந்நாட்டின் வன்முறையில் ஏறத்தாழ 4 சதவீதம்தான் குறையும் என்று ஜெஃப்ரி ஸ்வான்சன் என்ற ஆய்வாளர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

இதைப் படித்து உச்சுக் கொட்டுவது எளிது. கடலூர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிக் கொட்ட நமக்கு யோக்கியதை இல்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். அங்கே வீட்டுக்குள் இருப்பது துப்பாக்கி; இங்கே வீட்டுக்குள் இருப்பது பூச்சி மருந்து. மனசா, கையில் கிடைத்ததா என்கிற அதே வழக்கு நம் ஊரிலும் நடக்கிறது. அங்கே தொலைக்காட்சியில் நடக்கிறது, இங்கே சாவு வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. தீர்ப்பும் எப்போதும் ஒன்றுதான்: "அவனுக்கு மனசு சரியில்லை." அத்தோடு கோப்பு மூடப்படும். மருந்துக் கடை மறுநாள் வழக்கம்போலத் திறக்கும்.

2022ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைப்படி இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டவர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் இப்படி இறந்தவர்களில் கால்வாசிப் பேரைக் கொன்றது நஞ்சு. காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினைக்கு, சுமார் 32 சதவீதம். உடல்நோய், மனநோய் எல்லாம் சேர்ந்த கணக்கே 18 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. காவல் நிலையத்தில் எழுதப்படும் காரணத்தை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. வெளியில் தெரியாத மனச்சோர்வு பலருக்கு இருந்திருக்கும். ஆனாலும் சண்டை, கடன், அவமானம், குடி என்று ஒரு மாலைப்பொழுதின் கொந்தளிப்பில் போன உயிர்கள் இதில் ஏராளம் என்பதை மறுக்க முடியாது.

இலங்கையில் நஞ்சருந்திப் பிழைத்தவர்களிடம் மருத்துவர்கள் விசாரித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் முடிவெடுத்து அரைமணி நேரத்துக்குள் அந்தக் காரியத்தைச் செய்திருந்தார்கள். மனநல மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த அரைமணி நேரத்துக்குள் வந்து சேர முடியாது. நம் நாட்டிலோ ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அந்த அரைமணியில் கைக்கு எது எட்டுகிறது என்பதுதான் பல நேரம் உயிரா சாவா என்பதை முடிவு செய்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்த இடம் எங்கோ வெளிநாட்டில் இல்லை. சிதம்பரத்துக்கு மேற்கே, வீராணம் ஏரிக் கரையோரக் காட்டுமன்னார்கோயில் வட்டாரம். சென்னையில் 1986இல் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் அங்கே பூச்சாகுபடி செய்யும் கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். பூவுக்கு மருந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் வீட்டில் மருந்து இருந்துகொண்டே இருக்கும். குலுக்கல் முறையில் தேர்ந்த இரண்டு கிராமங்களில் ஊராரின் ஒத்துழைப்போடு பொதுச் சேமிப்புக் கூடங்கள் கட்டப்பட்டன. உள்ளே பூட்டிவைக்கும் பெட்டிகள். மருந்தை அங்கே வைத்துவிட்டு, வயலுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். வேறு இரண்டு கிராமங்கள் ஒப்பீட்டுக்காக வழக்கம்போல் விடப்பட்டன. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது கூடம் இருந்த கிராமங்களில் தற்கொலைகளும் முயற்சிகளும் கணிசமாகக் குறைந்திருந்தன. 2013இல் ஆய்வு வெளிவந்தது. அந்த ஊர்களில் ஒரே இரவில் எல்லாருடைய மனமும் தெளிந்துவிடவில்லை. கடன் தீரவில்லை, குடி ஒழியவில்லை, மாமியார் மருமகள் சண்டை ஓயவில்லை. மருந்து இருக்கும் இடம் மாறியது, அவ்வளவுதான்.

மருந்து வீணாகாமல் இருக்கிறது என்பதற்காகவும் மக்கள் அந்தக் கூடத்தை விரும்பினார்கள் என்பது எங்களுக்குப் பிடித்த செய்தி. உயிரைக் காக்கும் ஏற்பாடு பையையும் காத்தால் ஊரார் அதைத் தாங்களே காப்பாற்றுவார்கள்.

ஆனால் கூடம் கட்டினால் போதும் என்று சொல்ல மாட்டோம். அது சிறிய ஆய்வு. தொடக்கத்திலேயே இருதரப்புக் கிராமங்களின் நிலையும் ஒன்றாக இல்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். இலங்கையின் அனுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களில், 53,000க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து இதைவிடப் பெரிய சோதனை நடந்தது. அங்கே பொதுக்கூடம் இல்லை. வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி. பலன் இல்லை என்று 2017இல் முடிவு வந்தது. பெட்டியும் சாவியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் பூட்டுக்கு என்ன மரியாதை?

அதே இலங்கை இன்னொரு வழியில் வென்றது. 1995 வாக்கில் தற்கொலை விகிதத்தில் உலகத்திலேயே மிக மோசமான நாடுகளில் ஒன்றாக இருந்தது அது. 1984 தொடங்கி படிப்படியாக, கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாக இறக்குமதிப் பட்டியலிலிருந்தே தூக்கியது. 1995க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ எழுபது சதவீதம் சரிந்தது. சுமார் 93,000 உயிர்கள் தப்பின என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. "ஒரு வழியை அடைத்தால் வேறு வழிக்குப் போவார்கள்" என்று இங்கே சொல்லாதவர் இல்லை. சிலர் போனார்கள்; பெரும்பாலோர் போகவில்லை, உயிரோடு இருந்தார்கள். நெல் விளைச்சலும் விழவில்லை. கேரளமும் 2011இல் 14 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. அங்கே விவசாயம் நின்றுபோய்விடவில்லை.

இனி நம் கதை. தமிழ்நாடு அரசு 2022 இறுதியில் விழித்துக்கொண்டது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி மருந்துக்கு நிரந்தரத் தடை, ஆறு பூச்சிக்கொல்லிகளுக்குத் தற்காலிகத் தடை. அப்போது வேளாண் துறையைக் கவனித்த அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம், அன்றைய குறிஞ்சிப்பாடி சட்டமன்ற உறுப்பினர், இந்த மாவட்டத்துக்காரர். தடைக்காக அரசைப் பாராட்டுகிறோம். ஆனால் தற்காலிகம் என்றால் அறுபது நாள்! 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலங்களுக்கு ஒரு தடவைக்கு விட்டுவைத்திருக்கும் கயிற்றின் நீளம் அவ்வளவுதான். சம்பா நாற்று விட்டு அறுவடைக்கு வருவதற்குள் இப்படி இரண்டு தடை வந்து போய்விடும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் வைக்கப்பட்ட பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா நிலைக்குழுவுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் தேங்கியது. மானோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலை 2023இல் மத்திய அரசு தடை செய்தது. கையிருப்பைத் தீர்க்க விற்பனையாளர்களுக்கு அவகாசமும் கொடுத்தது. படிப்படியாக விட்டுவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2009லேயே எச்சரித்த மருந்து அது. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துப் பள்ளியில் மதிய உணவில் அதுதான் கலந்திருந்தது. 23 குழந்தைகள் இறந்தார்கள். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் வயலில் மருந்து அடித்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி மாண்டார்கள். அந்தக் குழந்தைகளுக்கு மனசு சரியில்லையா? அந்தக் கூலிக்காரர்களுக்கா?

மனநலத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் வட்டார மருத்துவமனை வரை உண்மையிலேயே இறங்க வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாகப் பார்க்கும் மனப்பான்மை, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தபிறகும், காவல் நிலையங்களை விட்டும் குடும்பங்களை விட்டும் போகவில்லை. அந்தப் பயத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதிக்கிறார்கள். இதைப் படிக்கும் யாருக்கேனும் வாழ்வதே பாரமாகத் தோன்றினால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ தமிழக அரசின் 104லோ சினேகாவின் 044-24640050லோ பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். எங்கள் சண்டை மனநலத்தோடு இல்லை, அதை முன்னால் நிறுத்தி மருந்துப் புட்டியை மறைப்பவர்களோடு. அமெரிக்காவில் துப்பாக்கி வியாபாரத்துக்கு அந்தச் சொல் எப்படிக் கேடயமாக உதவுகிறதோ, இங்கே பூச்சிக்கொல்லி வியாபாரத்துக்கும் அப்படியே உதவுகிறது. கடலூர் சிப்காட்டில் பூச்சிக்கொல்லி மூலப்பொருள் தயாரிக்கும் தொழிற்சாலையே இருக்கிறது என்பதால் இந்தப் பேச்சு இம்மாவட்டத்தில் சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

அண்ணாமலை நகரில் ஒரே வளாகத்தை ஒட்டி வேளாண் புலமும் இருக்கிறது, இப்போது அரசின் கையிலிருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. பயிரைக் காக்கச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் நஞ்சுண்டவர்களைக் காக்கப் போராடுகிறவர்களும் நடந்துபோய்ச் சந்திக்கும் தூரம். எந்த மருந்தால் வந்தவர்கள் எத்தனை பேர், பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்பதை மருத்துவமனை பெயர் சொல்லாமல் தொகுக்கட்டும். அந்த மருந்துக்கு மாற்று என்ன, ஏக்கருக்குச் செலவு என்ன என்பதை வேளாண் புலம் எழுதட்டும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் மத்திய அரசிடம் நிரந்தரத் தடை கேட்கும் மாநிலத்தின் கடிதத்துக்குக் கனம் கூடும்.

அதுவரைக்கும், கொடிய நஞ்சு என்று சிவப்பு முக்கோணம் போட்ட மருந்துகளை வேளாண் அலுவலரின் கையெழுத்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் காலியாகக் கிடக்கும் அறைகளில் காட்டுமன்னார்கோயில் பாணிக் கூடங்களைத் திறக்க வேண்டும். கடலூர் மாவட்டத்துக்கு சட்டமன்றத்தில் ஒன்பது இடங்கள் இருக்கின்றன. வேளாண்மை மானியக் கோரிக்கை வரும் நாளில் அந்த ஒன்பது பேரில் ஒருவராவது எழுந்து, அறுபது நாள் முடிந்த மறுநாள் அந்த ஆறு மருந்துகளும் எந்தக் கடை வழியாக எவ்வளவு விற்றன என்று கேட்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் அதையும் அவைக்குறிப்பில் பதியச் செய்ய வேண்டும்.